பழங்குடியினர் தொழில் வாய்ப்பைக் கண்டறியும் வகை

நெசவாளரானாலும் விவசாயியானாலும் உழைப்பவர் கையில் பொருள் இருக்கிறது. அந்தப் பொருளை எங்கே, யாரிடம், எந்தச் சமயத்தில் விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்ற அறிவோ பெரும்பாலும் இடையில் நிற்கும் வியாபாரியிடம் இருக்கிறது. ஊதியத்தில் பெரும் பகுதி அவ்வறிவுக்கே போய்ச் சேருகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய நோக்கங்களுள் ஒன்று, அந்த அறிவை அங்கத்தினர் அனைவருக்கும் பொதுச் சொத்தாக்குவதாகும். ஆயினும் சங்கத்தைப் பதிவு செய்த அளவிலேயே அவ்வறிவு தானாக வந்து சேர்ந்துவிடுவதில்லை. சந்தை மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்று விற்ற கரை இன்று விற்பதில்லை. சென்ற ஆண்டு விலை போன விளைபொருள் இவ்வாண்டு களத்திலேயே கிடக்கிறது. அடுத்த வாய்ப்பு எங்கே இருக்கிறது என்று தேடிக் காண்பதும் சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகிறது.

இந்த விஷயத்தில் உலகின் பல பகுதிகளிலும் வாழும் பழங்குடி மக்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை பல உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கைம்முதல் கிடையாது. கடன் கொடுப்பார் இல்லை. நிலத்தின் மேல் உள்ள உரிமையும் பல இடங்களில் பறிபோயிற்று. 'நாகரிகம் அறியாதவர்கள்' என்று பிறர் அவர்களை ஒதுக்கியும் வைத்தனர். அத்தகைய நிலையிலும் சில கூட்டத்தார் பிறர் கண்ணில் படாத வாய்ப்பைக் கண்டு, அதைத் தொழிலாக்கி, அத்தொழிலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் அதை எவ்வாறு கண்டனர் என்பதை நம் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கி, வேறு சில நாடுகளின் உதாரணங்களோடு இங்கே விளக்குவோம்.

வாய்ப்பைக் காண்பது எப்படி?

வாய்ப்பு என்பது தெருவில் கிடக்கும் காசு போன்றதன்று. அப்படியிருந்தால் முதலில் வருபவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒருவரிடம் உள்ள ஒன்றும், மற்றொருவருக்கு உள்ள தேவையும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கும்போது, அவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பவனுக்கே வாய்ப்பு புலனாகிறது. இஸ்ரேல் கிர்ஸ்னர் என்னும் பொருளாதார அறிஞர் 1973-இல் வெளியிட்ட நூலில், தொழில் முனைவோனின் முக்கியக் குணம் 'விழிப்பு' என்று எடுத்துரைத்தார். எல்லாருடைய கண் முன்னும் இருப்பதை அவன் கவனிக்கிறான் என்பது அவருடைய கருத்தின் சாரம்.

கவனிப்பதும் எல்லாருக்கும் ஒரே வகையாக அமைவதில்லை. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய ஒரு புதிய முறையைக் குறித்து ஸ்காட் ஷேன் என்பவர் ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார். பொடியை அடுக்கடுக்காகப் படியவைத்து உருவங்களை ஆக்கும் 'முப்பரிமாண அச்சு' முறை அது. அந்த ஒரே முறையைக் கொண்டு எட்டு வேறு வேறு தொழில் வாய்ப்புக்களை வேறு வேறு மனிதர்கள் கண்டனர். ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. ஒவ்வொருவரும் தாம் முன்னமே பழகிய தொழிலுக்கு ஏற்றதையே அதில் கண்டனர். ஆகவே, ஒருவன் ஏற்கெனவே எதை அறிந்திருக்கிறானோ அதுவே அவன் எந்த வாய்ப்பைக் காண்பான் என்பதையும் பெரிதும் நிர்ணயிக்கிறது. பழங்குடி மக்களுடைய பலம் இங்கேதான் இருக்கிறது. காடும் கடலும் விலங்கும் செடியும் பற்றி அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு வேறெவரிடமும் இல்லை.

இருளர் சங்கம்: கைத்திறன் அதுவே, சந்தை வேறு

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் வட்டாரங்களில் வாழும் இருளர்கள் பாம்பு பிடிப்பதில் நிகரற்றவர்கள். மண்ணில் பதிந்த மெல்லிய தடம், வளையின் வாயில் தெரியும் பளபளப்பு, உரித்துப் போட்ட சட்டை, எச்சம் ஆகிய சிறு அடையாளங்களைக் கொண்டே உள்ளே இருப்பது இன்ன பாம்பு, எப்பொழுது நுழைந்தது என்று அவர்கள் சொல்லிவிடுவர். ஆண்களேயன்றிப் பெண்களும் இவ்வித்தையில் வல்லவர்கள். இருபதாம் நூற்றாண்டில் இத்திறமைக்கு இருந்த சந்தை தோல் வியாபாரமே. பாம்புத் தோலால் செய்த கைப்பைகளும் காலணிகளும் வெளிநாடுகளில் விற்றன. பிடித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்தது சொற்பமே. எனினும் அதுவே அவர்களுடைய சோறாக இருந்தது.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது. பாம்புகள் அழியாமல் இருக்க இச்சட்டம் தேவையே. ஆனால் இருளர் குடும்பங்களுக்கு ஒரே வருமானம் ஒருநாளில் குற்றமாகிவிட்டது. திறமை அப்படியே இருந்தது. அதை வாங்குவோர் இல்லை. கைத்தறிக்காரர் பலர் தம் வாழ்நாளில் கண்ட நிலைமைதான் இது.

அச்சமயத்தில் மற்றொரு தேவை நாட்டில் இருந்தது. பாம்புக்கடிக்கு மருந்து செய்வதற்கு நஞ்சு வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தே மருந்து தயாரிக்கிறார்கள். இந்நான்கையும் உயிரோடும் காயமின்றியும் பிடிக்க வல்லவர் யார்? சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர் இருளருடன் பல்லாண்டு பழகியவர். அவர் முதலியோரின் முயற்சியாலும் இருளரின் ஒத்துழைப்பாலும் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது.

வேலையின் ஒழுங்கைக் கவனிப்போம். அங்கத்தினர் பாம்பைப் பிடித்து வந்து சங்கத்தில் ஒப்படைக்கிறார். இன்ன பாம்புக்கு இன்ன விலை என்ற நிர்ணயப்படி அவருக்குப் பணம் கிடைக்கிறது. பாம்பை வாய் கட்டிய மண்பானையில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். சுமார் மூன்று நான்கு வாரங்களில் வாரம் ஒரு முறை வீதம் நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி, மருந்துத் தொழிற்சாலைகளுக்கு விற்பனையாகிறது.

கணக்கைப் பாருங்கள். தோலுக்காகப் பிடித்தபோது பாம்பு ஒரு முறை செத்தது; ஒரு முறை விலை தந்தது. நஞ்சுக்காகப் பிடிக்கும்போது பாம்பு பல முறை பயன் தந்துவிட்டு வயலுக்குத் திரும்பி எலியைத் தின்கிறது. பிடித்தவன் கூலியாளாக இருந்த நிலை மாறிச் சங்கத்தின் அங்கத்தினனானான். சட்டம் தடுத்த திறமை, சட்டத்தின் அனுமதியோடு உயிர் காக்கும் தொழிலாயிற்று. 2000 முதல் 2019 வரை உள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள். வயலில் வேலை செய்தவர்கள் அநேகர். இச்சங்கத்தின் பானைகளில் சேரும் நஞ்சு, நம்முடைய விவசாய அங்கத்தினர்களின் உயிரோடு நேரே தொடர்புடையது.

இத்திறமை பின்னும் ஒரு வகையில் வெளிப்பட்டது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் அன்னிய நாட்டு மலைப்பாம்புகள் பெருகி மற்றப் பிராணிகளை அழித்து வந்தன. 2017-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்கள் அங்கே அழைக்கப்பட்டு, அம்மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023-இல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இச்சங்கத்துக்குச் சோதனைகளும் இல்லாமல் இல்லை. பாம்பு பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி தாமதமாகும் காலங்களில் அங்கத்தினர் வருமானம் தடைப்படுகிறது. வாங்குவோர் சில கம்பெனிகளே. மேலும், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுகிறது என்று அண்மை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து வடக்கே சில இடங்களில் அத்தனை பலன் தராமற் போகலாம். ஒரே பொருளை நம்பும் சங்கம், அப்பொருளைப் பற்றிய புதிய அறிவையும் உடனுக்குடன் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

ஒட்டவாலோ நெசவாளர்: சந்தையில் விலையுயர்ந்தது எது என்று பார்த்தவர்கள்

தென் அமெரிக்காவில் ஈக்குவடார் நாட்டின் தலைநகரான கீட்டோவுக்கு வடக்கே ஒட்டவாலோ என்னும் மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள கிச்சுவா மக்கள் தொன்றுதொட்டு நெசவாளர்கள். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு நெய்யும் தறி அவர்களுடைய பழைய கருவி. ஸ்பானியர் ஆட்சியில் அவர்களைப் பெரிய பட்டறைகளில் அடைத்துக் கட்டாய வேலை வாங்கினார்கள். அக்கொடுமையின் நடுவே காலால் மிதித்து நெய்யும் அகலத் தறியின் வேலையும் அவர்கள் கைக்குப் பழக்கமாயிற்று.

கீட்டோ நகரத்துச் செல்வர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளிக் கோட்டுத் துணியை அதிக விலை கொடுத்து வாங்கி வந்தனர். 1917-இல் பெகுச்சே என்ற சிற்றூரின் நெசவாளர் ஒருவருக்கு, அத்தகைய துணியின் மாதிரி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்து அவர் தம் தறியிலேயே அதைப் போன்ற துணியை நெய்தார். அது இறக்குமதித் துணியைவிட மலிவு. நகரத்தாருக்கு ஏற்ற துணியாகவும் இருந்தது. அக்கம் பக்கத்தாரும் அதைக் கற்றுக்கொண்டனர். பிற்பாடு ஒட்டவாலோ மக்களே மூட்டையைச் சுமந்து கொலம்பியா, வெனிசுவேலா முதலிய நாடுகளுக்கு நேரே சென்று விற்கலாயினர். உல்லாசப் பிரயாணிகள் வரத் தொடங்கியபோது அவர்கள் விரும்பும் போர்வைகளையும் சுவர்த் துணிகளையும் நெய்தனர். பின்னர் ஐரோப்பியத் தெருக்களிலும் அவர்கள் கடை விரித்தனர். ஈட்டிய பணத்தில் முன்னோர் இழந்த நிலத்தை விலை கொடுத்து வாங்கிய குடும்பங்களும் உண்டு.

இங்கே கவனிக்கத் தக்கது, விற்பவரும் நெய்பவரும் ஒரே குலத்தார் என்பதே. தூர தேசத்துச் சந்தையில் வாங்குவோர் எதைத் தொட்டுப் பார்த்தார், எதைத் தள்ளிவிட்டார் என்ற செய்தி நேரே தறிக்கு வந்து சேர்ந்தது. இடையில் உள்ள வியாபாரி அச்செய்தியை மறைக்க வழியில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒருவர் புதிதாக ஒரு மாதிரியைச் சந்தைக்குக் கொண்டு வந்தால், சில வாரங்களுக்குள் பலரும் அதையே செய்து குவித்தனர். இயந்திரத்தில் பின்னிய உடுப்புகளும் செயற்கை நூலும் பெருகின. கடைக்குக் கடை ஒரே சரக்காகிவிட்டமையால் விலை இறங்கிற்று. சிறு நெசவாளருக்கு லாபம் மெலிந்தது. எல்லாரும் ஒரே வாய்ப்பைக் கண்டால் அது எவருக்கும் வாய்ப்பாக இருப்பதில்லை.

ஊருக்கு ஒரு மாதிரி

இத்தொல்லைக்கு அலாஸ்காப் பெண்கள் நல்லதொரு வழி கண்டார்கள். அங்கே கஸ்தூரி எருது என்னும் பனிப்பிரதேச விலங்கு இருக்கிறது. அதன் மேல்மயிருக்கு அடியில் மிக மென்மையான கம்பளி ஒன்று வளர்ந்து, இளவேனிலில் தானே கழன்றுவிடும். விலங்கைக் கொல்லாமல் சீவியே அதை எடுக்கலாம். அது ஆட்டுக் கம்பளியைவிடப் பன்மடங்கு வெம்மை தருவது. அவ்விலங்கு அலாஸ்காவில் ஒரு காலத்தில் அடியோடு அழிந்துபோயிற்று; 1930-இல் கிரீன்லாந்திலிருந்து 34 எருதுகளைக் கொண்டுவந்து மறுபடியும் பெருக்கினார்கள். ஜான் டீல் என்னும் அறிஞர் அவற்றைப் பழக்கி வளர்க்கும் முயற்சியில் ஈடுபட்டார். அதன் தொடர்ச்சியாக 1969-இல் யூபிக், இனுபியாக் முதலிய பழங்குடிப் பெண்களின் 'ஊமிங்மாக்' கூட்டுறவுச் சங்கம் அமைந்தது.

சங்கம் நூலை அனுப்புகிறது. பெண்கள் தத்தம் ஊரில், மீன்பிடிப்பும் வீட்டு வேலையும் போக மிஞ்சிய நேரத்தில், கழுத்துத் துணியும் தொப்பியும் பின்னி அனுப்புகின்றனர். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிப் பின்னல் மாதிரி உண்டு. நுனிவாக் தீவிலுள்ள மெகோர்யூக் ஊரின் மாதிரி, முன்னோர் தந்தத்தில் செதுக்கிய பழைய ஈட்டி முனையிலிருந்து எடுக்கப்பட்டது. பார்த்த மாத்திரத்தில் இது இன்ன ஊர்க் கைவேலை என்று தெரிந்துவிடும். ஒரூரார் மற்றோரூராரின் மாதிரியைக் கவர்வதில்லை. எனவே தங்களுக்குள்ளே விலையை அடித்துக்கொள்ளும் அவசியம் எழவில்லை.

வஹாக்கா காப்பி விவசாயிகள்: குறையே நிறைவாயிற்று

மெக்சிகோ நாட்டின் தெற்கே வஹாக்கா மாநிலத்து மலைகளில் சப்போட்டெக், மிஹே முதலிய பழங்குடியினர் சிறு சிறு தோட்டங்களில் காப்பி பயிரிடுகின்றனர். அங்கே ஊர் ஊராக வந்து காப்பி வாங்கும் தரகர்களுக்கு மக்கள் இட்ட பெயர் 'கொயோட்டே', அதாவது ஓநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கு. அறுவடைக்கு முன்பே கடன் கொடுத்து, எடையிலும் விலையிலும் ஏமாற்றி வாங்குவது அத்தரகரின் வழக்கம். சாலையும் வாகனமும் இல்லாத மலையூர்க்காரருக்கு வேறு வழியில்லை. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில ஊரார் கூடித் தங்கள் வறுமைக்குக் காரணம் யாதென்று ஆராய்ந்தனர். பிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்னும் டச்சுப் பாதிரியார் அவர்களோடு வாழ்ந்து துணை நின்றார். 1983-இல் 'உசிரி' என்ற சுருக்கப் பெயர் கொண்ட அவர்களுடைய சங்கம் சட்டப்படி பதிவாயிற்று. சங்கம் காப்பியை ஒன்றாகச் சேர்த்து, தானே எடை போட்டு, தானே வண்டி அமர்த்தி நேரே விற்கத் தொடங்கிற்று.

இதற்கு மேல் அவர்கள் கண்ட வாய்ப்பே நம் கவனத்துக்குரியது. இவ்விவசாயிகள் பெரும்பாலும் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாதவர்கள். வாங்கப் பணமில்லை என்பது ஒரு காரணம், நிலத்தைத் தாயாக மதிக்கும் மரபு மற்றொரு காரணம். ஐரோப்பாவில் ரசாயனம் கலவாத விளைபொருளைத் தேடி வாங்குவோர் அப்போது பெருகி வந்தனர். அங்கிருந்து வந்த வாணிப நண்பர்களோடு பேசியபோது, தாங்கள் குறையென்று எண்ணியது அங்கே உயர்வாக மதிக்கப்படுவதை இவர்கள் அறிந்தனர். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே இயற்கை விவசாயம் ஆகிவிடாது. எரு மக்கவைத்தல், சரிவில் மண் அரிக்காமல் வரப்பிடுதல், நிழல் மரம் வளர்த்தல், கணக்கெழுதிச் சோதனைக்கு உட்படுதல் ஆகியவற்றை அங்கத்தினர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் சங்கம் நிறுவிற்று.

1988-இல் ஹாலந்து தேசத்தில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்னும் முத்திரையோடு இக்காப்பி கடைகளுக்கு வந்தது. விவசாயிக்குக் குறைந்தபட்ச நியாய விலை கிடைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அம்முத்திரை. அடுத்த ஆண்டிலேயே அதன் அருமை தெரிந்தது. 1989 ஜூலையில் காப்பி ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்கும் இறக்குமதி செய்யும் நாடுகளுக்கும் இடையே இருந்த சர்வதேச ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை முறிந்து, உலகச் சந்தையில் காப்பி விலை சில மாதங்களில் சுமார் பாதியாக வீழ்ந்தது. மெக்சிகோ அரசாங்கத்தின் காப்பி நிலையமும் கொள்முதலைச் சுருக்கிக்கொண்டது. முத்திரையின்கீழ் விற்ற காப்பிக்கு மட்டும் குறைந்தபட்ச விலை நின்றது. எல்லாக் காப்பியையும் அவ்வாறு விற்க முடியவில்லை. சோதனைச் செலவும் பளுவாக இருந்தது. எனினும் தரகர் வைத்ததே விலை என்ற நிலை அம்மலைகளில் தகர்ந்தது.

கைக்கோரா: வீட்டை ஈடு வைத்த துணிவு

நியூசிலாந்தின் தென் தீவில் கைக்கோரா என்னும் கடற்கரையூர் இருக்கிறது. கரைக்கு அருகிலேயே ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பள்ளம் கடலுக்குள் இறங்குவதால், ஆண்டு முழுவதும் திமிங்கலங்கள் அங்கே நடமாடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் அங்கே திமிங்கல வேட்டைத் தளம் வைத்தனர். 1980-ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் ரயில்வேயில் ஆட்குறைப்பு நேர்ந்தது. மாவோரி மக்கள் பலர் வேலையிழந்தனர். பைக்கியா என்ற தங்கள் மூதாதை திமிங்கலத்தின் முதுகில் ஏறி வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகக் கேட்ட வரலாறு. திமிங்கலத்தைக் கொல்லாமல் காட்டியே பிழைக்கலாம் என்று எண்ணி, சில குடும்பத்தார் தம் வீடுகளை ஈடு வைத்துக் கடன் பெற்று 1987-இல் ஒரு சிறு படகோடு தொழில் தொடங்கினர். திமிங்கலம் கண்ணில் படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருவது அவர்களுடைய ஏற்பாடு. 2016 நவம்பர் 14-ஆம் தேதி வந்த பூகம்பத்தில் கடலடித் தரை உயர்ந்து படகுத்துறை பயனற்றுப் போயிற்று. அதையும் சீர்செய்து மீண்டும் நடத்தினர்.

இவற்றில் பொதுவாக அமைந்தவை

இவ்வுதாரணங்களை ஒப்பிட்டால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, இவர்களில் எவரும் முற்றிலும் தெரியாத தொழிலில் குதிக்கவில்லை. தங்கள் கையிலிருந்த அறிவுக்கோ பொருளுக்கோ, மரபாக வந்த கலைக்கோ புதிய தேவையைத் தேடினர்.

இரண்டாவது, பழைய வழி அடைபட்டபோதே புதிய வழி கண்ணில் பட்டது. தோல் தடையும் ரயில்வே ஆட்குறைப்பும் துன்பங்கள்தாம். ஆனால், 'நம்மிடம் இன்னும் எஞ்சியிருப்பது என்ன?' என்ற கேள்வியை அவை எழுப்பின.

மூன்றாவது, சந்தையை அறிந்த வெளியார் ஒருவர் பல இடங்களில் துணையாக வந்திருக்கிறார். தொழிலை அறிந்தவர் உள்ளே இருக்கிறார். தேவையை அறிந்தவர் வெளியே இருக்கிறார். இருவரும் கூடினால்தான் வாய்ப்பு உருவாகிறது. ஆயினும் தொழிலின் உரிமை மக்களிடமே நின்றது. வெளியாரின் யோசனையைக் கேட்பது வேறு. சாவியை அவரிடம் கொடுத்துவிடுவது வேறு.

நான்காவது, எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்ற வரம்பு இருந்தது. இருளர் பாம்பைத் திரும்ப விடுகின்றனர். மாவோரிகள் திமிங்கலத்தைத் துன்புறுத்துவதில்லை. இவ்வரம்பு தொழிலுக்குத் தடையாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே தொழிலை நிலைநிறுத்துகிறது. விதை நெல்லை விற்றுத் தின்பவன் எத்தனை காலம் வாழ்வான்?

ஐந்தாவது, கண்ட வாய்ப்பைக் காப்பதும் வேண்டும். நீலகிரித் தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால், இழையை எண்ணியே போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் அத்தகைய பதிவு அதற்கு முன்பே கிடைத்திருக்கிறது. பதிவு என்பது வேலிதான்; வேலியைக் காவல் செய்வது உரியவர் பொறுப்பு.

நம் சங்கங்கள் செய்யத் தக்கவை

இவற்றைப் படித்து வியப்பதோடு நிற்காமல், நம் சங்கத்தில் செய்யக் கூடியவற்றையும் எண்ணிப் பார்ப்போம். பெருஞ்செலவு பிடிக்காத காரியங்கள் சில உண்டு.

விற்பனை நிலையத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். வாங்க வந்தவர் கேட்டு, நம்மிடம் 'இல்லை' என்று சொல்லியனுப்பிய ஒவ்வொரு பொருளையும் அதில் எழுதுவோம். இன்ன அகலம், இன்ன நிறம், இன்ன நூல் நம்பர் என்று விவரமாக எழுதவேண்டும். விற்ற கணக்கு நமக்குக் கடந்த காலத்தைச் சொல்லும். விற்காமற் போன கேள்விகளின் கணக்கே வருங்காலத்தைச் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிர்வாகக் குழு அதைப் படித்துப் பார்க்கட்டும்.

அங்கத்தினர்களின் வீடுகளில் உறங்கிக் கிடக்கும் திறமைகளைக் குறித்துக்கொள்வோம். மறைந்து வரும் கரை மாதிரிகள், வேர்களிலிருந்தும் பட்டைகளிலிருந்தும் சாயம் காய்ச்சும் முறைகள், பழைய நெல் ரகங்கள், விதை காக்கும் வழக்கங்கள் ஆகியவை முதியோர் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்டெழுத இன்றைய இளைஞர்கள் முன்வரவேண்டும். பெண்களிடமும் கேட்கவேண்டும், பாவு ஓட்டுவதிலும் விதை பொறுக்குவதிலும் அவர்கள் கண்ட நுட்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

லாபத்தில் ஒரு சிறு பகுதியைச் சோதனைக்கென ஒதுக்குவோம். புதிய மாதிரியை ஒரு பாவு அளவிலும், புதிய பயிரை ஒரு காணி அளவிலும் செய்து பார்க்கட்டும். நஷ்டம் வந்தால் சங்கம் தாங்கிக்கொள்ளும் என்ற தைரியம் இருந்தாலன்றி, அன்றாடக் கூலியை நம்பும் அங்கத்தினர் எவரும் புதியதில் கை வைக்கமாட்டார். கைக்கோராவில் வீட்டை ஈடு வைத்தார்கள் என்பதற்காக நம் அங்கத்தினரும் அவ்வாறே செய்யவேண்டும் என்பதில்லை. தனி ஒருவன் தாங்கமாட்டாத நஷ்டத்தைப் பலர் பகிர்ந்து தாங்குவதற்கே சங்கம் இருக்கிறது.

ஆண்டுக்கொரு முறையாவது நெய்பவரும் விளைவிப்பவரும் நேரே சந்தைக்குச் சென்று, வாங்குவோர் முன் நின்று பார்க்க ஏற்பாடு செய்வோம். செயலாளர் மட்டும் போய்வந்தால் போதாது. ஒட்டவாலோ நெசவாளர் அறிந்ததைத் தறியிலிருப்பவரே நேரில் அறியவேண்டும்.

புதிய மாதிரி ஒன்று நன்கு விற்றால், எல்லாத் தறியிலும் அதையே ஏற்றிவிடும் அவசரத்தை அடக்குவோம். ஊருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என்று அடையாளத்தை வகுத்துக்கொண்டால், அண்டைச் சங்கம் நமக்குப் போட்டியாகாமல் துணையாகும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு நிறைவேறிய பின், அரை மணி நேரத்தை இவ்விஷயத்துக்கென ஒதுக்கும்படி அங்கத்தினர்கள் தலைவரைக் கேட்கலாம். 'நமக்குத் தெரிந்து பிறருக்குத் தெரியாதது எது? அது யாருக்கு வேண்டும்?' என்ற இரு கேள்விகளையும் அங்கே எழுப்புவோம். பதில் உடனே வராமலிருக்கலாம். கேள்வி நம்மிடம் பிறந்தால், விடையின் பயனும் நம்மவர்க்கே சேரும். நாம் கேளாதிருந்தால் அதே கேள்வியை வேறொருவர் கேட்பார். அதன் லாபமும் அவருக்கே போகும்.